பேச்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம்: மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் தொடர்புக்கு வீட்டிலிருந்தே தொடங்கும் வழிகள்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் வீட்டார் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "இவனுக்குப் பேச்சு வருமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு உறுதியான விடை கிடைக்கச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். அந்த ஆண்டுகளில் குழந்தைக்குப் பசிக்கும், வலிக்கும், கோபம் வரும், தம்பியோடு சண்டை போடத் தோன்றும், பெங்களூருவுக்கு வேலைக்குப் போன அப்பா எப்போது திரும்புவார் என்று கேட்கத் தோன்றும். இவற்றையெல்லாம் தெரிவிக்க அதற்கு இன்றே ஒரு வழி வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்குப் புதியவர்களான பெற்றோர், தாத்தா பாட்டி, அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர் ஆகியோர் வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடியவற்றை, எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

பேச்சு ஏன் தடைப்படுகிறது

வளர்ந்துவரும் மூளையில், பிறப்புக்கு முன்போ பிறக்கும்போதோ பிறந்த சிறிது காலத்திலோ ஏற்படும் பாதிப்பே மூளை முடக்குவாதம். அந்தப் பாதிப்பு நாளுக்கு நாள் பெருகுவதில்லை. ஆனால் தசைகளை மூளை இயக்கும் விதம் வாழ்நாள் முழுவதும் மாறுபட்டே இருக்கும். ஒரு சொல்லைச் சொல்ல மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு, தாடை ஆகிய அனைத்தும் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒன்றுக்கொன்று இசைந்து அசைய வேண்டும். கை கால்களைக் கட்டுப்படுத்த இயலாத அதே காரணத்தால் இந்தத் தசைகளும் சிலருக்குக் கட்டுப்படுவதில்லை. எனவே சிலரது பேச்சு வீட்டாருக்கு மட்டுமே விளங்கும்படி குழறுகிறது. சிலருக்குக் குரல் மட்டும் எழுகிறது, சொல் உருவாவதில்லை.

இதிலிருந்து அறிவைக் கணிக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் சிலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருப்பது உண்மைதான். ஆனால் பேச இயலாமை அதற்குச் சான்று ஆகாது. மும்பையைச் சேர்ந்த மாலினி சிப் மூளை முடக்குவாதத்தோடு வளர்ந்தவர். பேச்சு தெளிவாக இல்லாத நிலையில் ஒரு சிறு விரலால் தட்டச்சு செய்தே இரண்டு முதுகலைப் பட்டங்களைப் பெற்றார். ஆகவே, "இந்தக் குழந்தைக்குப் புரிகிறது" என்று கொண்டே தொடங்குங்கள். அப்படிக் கொள்வதால் வரும் இழப்பு ஒன்றுமில்லை. புரியாது என்று கொண்டு, அது தவறாக இருந்துவிட்டால், ஒரு குழந்தையின் பல ஆண்டுகள் வீணாகின்றன.

சொல்ல நினைப்பதைச் சுட்டிக்காட்டப் படமும் படங்கள் ஒட்டிய பலகையும் கொடுத்தால் குழந்தை பேச முயல்வதையே விட்டுவிடும் என்ற அச்சம் பெற்றோரிடம் மட்டுமன்றிச் சில சமயம் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், இத்தகைய மாற்றுத் தொடர்பு முறைகள் பழக்கப்பட்டு, நம்பகமான முறையில் ஆராயப்பட்ட 27 பேரில் 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு கூடியிருந்தது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை, ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. பேச்சுப் பயிற்சியும் படப் பலகையும் ஒரே நாளில், ஒரே வீட்டில், சேர்ந்தே நடக்கலாம்.

காதையும் கண்ணையும் முதலில் பாருங்கள்

பலகை செய்வதற்கு முன் செவித்திறனைச் சோதித்தாக வேண்டும். பிறந்தபோது மிகக் கடுமையான மஞ்சள் காமாலை வந்து, அதனால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கட்டுக்கடங்காத உடல் அசைவுகளோடு காது கேளாமையும் சேர்ந்து வருவதுண்டு. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குப் புரியவில்லையா, கேட்கவில்லையா, கழுத்தைத் திருப்ப முடியவில்லையா என்பதை வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முடியாது. ஒலிக்கு மூளை தரும் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பெரா (BERA) பரிசோதனை குழந்தை உறங்கும்போதே செய்யப்படுவது; குழந்தை எந்தப் பதிலும் தர வேண்டியதில்லை. கண்ணும் அவ்வாறே. சிலருக்கு மாறுகண் இருக்கும். சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் மூளை காட்சியைச் சரிவர உள்வாங்காது. அப்படிப்பட்டவர்களுக்கு நெருக்கமாகப் படங்கள் நிறைந்த பலகை பயன்படாது. கருப்புப் பின்னணியில் ஒன்றிரண்டு பெரிய படங்களோ, காதால் கேட்டுத் தெரிவு செய்யும் முறையோ ஏற்றது.

உடல் நிலைகொள்ள வேண்டும்

படுத்த நிலையிலோ, ஒருவர் மடியில் சரிந்த நிலையிலோ இருக்கும் குழந்தை தன் முழு முயற்சியையும் விழாமல் இருப்பதற்கே செலவிடுகிறது. கண்ணால் ஒரு படத்தைத் தேட அதனிடம் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. இடுப்பு பின்னால் நன்றாக ஒட்டியிருக்க, பாதங்கள் தொங்காமல் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருக்க, தலை நடுவில் நிற்கும்படி அமர்த்துங்கள். தனி நாற்காலி கிடைக்கும்வரை, இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் தலையணையும் மடித்த போர்வையும் வைத்து அமர்த்திப் பார்க்கலாம். எந்த நிலை அந்தக் குழந்தைக்குத் தகும் என்பதை இயன்முறை சிகிச்சையாளரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்வது அவசியம். இடுப்பு மூட்டு விலகியிருக்கும் குழந்தையைத் தவறாக அமர்த்தினால் வலிதான் மிஞ்சும்.

ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள். பால் வரும் ஓசை கேட்டால் என்ன செய்கிறது, பிடிக்காத உணவை வாயருகே கொண்டுபோனால் என்ன செய்கிறது, ஆயா சந்தையிலிருந்து வந்ததும் என்ன செய்கிறது என்று, பார்த்ததைப் பார்த்தபடியே குறித்துக்கொள்ளுங்கள். தாய் அறிந்தது வேறாகவும் தாத்தா அறிந்தது வேறாகவும் இருக்கும்; ஆகவே எல்லோரும் எழுத வேண்டும், எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுத வேண்டும்.

இதில் புதியவர்கள் பெரும்பாலும் தவறாகப் படிக்கும் ஓர் அறிகுறி உண்டு. ஆசைப்பட்ட பொருளைக் காட்டியதும் சில குழந்தைகளின் உடல் முழுவதும் விறைத்து, தலை பின்னுக்குப் போய், முகம் எதிர்ப்புறம் திரும்பிவிடும். பார்ப்பவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு பொருளை எடுத்துவிடுவார். உண்மையில் அது ஆர்வம் மிகுந்ததால் தசைகள் இறுகியதன் விளைவு. உடல் தளரும்வரை காத்திருந்து, மீண்டும் காட்டி, கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.

நம்பகமான ஓர் 'ஆமாம்', நம்பகமான ஓர் 'இல்லை'

எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். நூறு படங்கள் கொண்ட பலகையைவிட, யார் கேட்டாலும் ஒரே விதமாக வரும் இரண்டு சைகைகள் மேலானவை என்பது என் உறுதியான கருத்து.

சைகையை நாம் தேர்ந்தெடுத்துத் திணிக்கக் கூடாது. உங்கள் நோட்டில் எழுதியவற்றுள் குழந்தைக்கு எளிதாகவும் உடல் இறுகாமலும் வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே பார்ப்பது 'ஆமாம்', கண்ணை இறுக மூடுவது 'இல்லை' என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குரல் 'ஆமாம்', முகத்தை ஒருபுறம் திருப்புவது 'இல்லை' என்றும் வைத்துக்கொள்ளலாம். தலையசைப்பை மட்டும் எளிதில் ஏற்காதீர்கள். நம் ஊரில் சம்மதத்துக்கும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோம், மறுப்புக்கும் ஆட்டுகிறோம். கழுத்துக் கட்டுப்பாடு இல்லாத குழந்தையிடம் இந்த வேறுபாட்டை எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, 'இல்லை' என்பதற்குத் தனிச் சைகை இருந்தே ஆக வேண்டும். பதில் வராததை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டால், களைப்பு, காது கேளாமை, யோசனை, மறுப்பு ஆகிய எல்லாம் ஒன்றாகிவிடும்.

பழக்கும்போது தேர்வு வைப்பது போலக் கேட்காதீர்கள். "இது நாயா? இது மாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பெரியவர்களுக்கே சலிப்பு வரும். அதன் வாழ்வில் அப்போது முக்கியமானதைக் கேளுங்கள்: "இன்னும் களி வேண்டுமா?", "வெளியே திண்ணைக்குப் போகலாமா?", "அண்ணனைக் கூப்பிடட்டுமா?" பதில் வந்ததும் அதன்படி உடனே நடந்துகொள்ளுங்கள். 'வேண்டாம்' என்று சொன்ன பிறகும் ஊட்டினால், தன் சொல்லுக்குப் பயனில்லை என்பதையே குழந்தை கற்றுக்கொள்ளும். மருந்துபோல மறுக்க இடமில்லாத விஷயத்தில் கேள்வியே கேட்காமல், "இப்போது மருந்து கொடுக்கப் போகிறேன்" என்று தெரிவித்துவிடுவதே நேர்மை.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். சிலருக்கு இருபதும் தேவைப்படும். கேள்வி மூளைக்குப் போய், விடை உருவாகி, அது தசையை எட்டி, தசை பணிந்து அசைய அவ்வளவு நேரம் ஆகிறது. இடையில் நீங்கள் கேள்வியைத் திருப்பிக் கேட்டால் குழந்தை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இந்த மௌனத்தைத் தாங்கப் பழகுவதுதான் உண்மையில் பெரியவர்களுக்கான பயிற்சி.

கண்ணால் சுட்டும் பலகை

சைகை நிலைபெற்று வரும்போதே, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யக் கொடுக்கத் தொடங்கலாம். முதலில் உண்மையான பொருள்கள்: ஒரு கையில் டம்ளர், மறு கையில் பந்து. இரண்டையும் கண்மட்டத்தில், நன்றாக விலக்கிப் பிடித்து, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பிறகு அந்தப் பொருள்களின் புகைப்படங்கள், அதன்பின் வரைபடங்கள். சில குழந்தைகள் நேரே படத்துக்கே தாவிவிடும். அவர்களைப் பொருளிலேயே நிறுத்தி வைக்க வேண்டாம்.

கையால் தொட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு கண்பலகை செய்யலாம். சுமார் ஒன்றரை அடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள, கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வாங்கி, நடுவில் உங்கள் முகம் தெரியும் அளவுக்குச் சன்னல்போல வெட்டி, ஓரங்கள் கீறாதபடி துணி டேப் ஒட்டுங்கள். நான்கு மூலைகளிலும் படங்களை வெல்க்ரோ கொண்டு, குழந்தையைப் பார்த்தபடி பொருத்துங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் அதன் பெயரை எழுதினால் உங்களுக்கு இடம் வலம் குழம்பாது. குழந்தைக்கு நேர் எதிரே, அதே கண்மட்டத்தில் அமர்ந்து சன்னல் வழியாகப் பாருங்கள். குழந்தை ஒரு மூலையைப் பார்த்துவிட்டு மீண்டும் உங்கள் கண்ணைப் பார்த்தால் அதுவே தெரிவு என்று பழக்குங்கள். பிறகு "தண்ணீரா?" என்று கேட்டு, முன்பு சொன்ன 'ஆமாம்' சைகையால் உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழ வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் திறந்த கதவு இருந்தால் அதற்குக் கண் கூசும்.

பலகையில் என்னென்ன சொற்கள்?

புதியவர்கள் செய்யும் பலகையில் பெரும்பாலும் இட்லி, தோசை, ஆப்பிள், யானை என்று பெயர்ச்சொற்களே நிறைந்திருக்கும். அவற்றால் ஒரு பொருளைக் கேட்டு வாங்க முடியும், உரையாட முடியாது. எந்த இடத்திலும் எதைப் பற்றியும் பயன்படும் சொற்களே பலகையின் நடுப்பகுதியில் வர வேண்டும்: வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், வா, போ, கொடு, நிறுத்து, உதவி, பிடிக்கும், பிடிக்காது, நான், நீ, யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், தெரியாது. இவற்றோடு கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று, "நான் சொல்ல வந்தது இந்தப் பலகையில் இல்லை" என்பதற்கான கட்டம். அது இல்லாத பலகை, குழந்தையை நாம் நினைத்த எல்லைக்குள் அடைத்துவிடுகிறது.

சுற்றிலும் அதன் சொந்த வாழ்வின் சொற்கள் வரட்டும்: வீட்டார் ஒவ்வொருவரின் புகைப்படம், ராகிக் களி, கீரைக் குழம்பு, மாங்காய், பால், கொட்டகையில் நிற்கும் மாடு, வாரச் சந்தை, மாரியம்மன் கோயில், பேருந்து, தெருக்கூத்து, எருது விடும் விழா. கடையில் வாங்கும் அச்சுப் படத்தாள்களில் இவை இரா. கைப்பேசியில் படம் பிடித்து அச்சிட்டு லேமினேஷன் செய்துகொள்ளுங்கள். படத்தின் கீழே சொல்லைப் பெரிதாக எழுதுங்கள். படிக்காத குழந்தைக்கும் எழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாதீர்கள், ஏனெனில் கண்ணும் கையும் இடத்தையே நினைவில் கொள்கின்றன.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரிப் பகுதிகளில் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசப்படுகிறது, பள்ளியில் தமிழ் நடக்கிறது. இரண்டு மொழி குழப்பும் என்று வீட்டு மொழியைக் கைவிடச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. படம் ஒன்றே, வீட்டில் அவ்வா அதைத் தெலுங்கில் சொல்லட்டும், பள்ளியில் ஆசிரியர் தமிழில் சொல்லட்டும். பலகையில் இரண்டு மொழிச் சொற்களையும் எழுதிவிடுங்கள். வீட்டு மொழியை எழுதத் தெரியாவிட்டால் அதன் சொல்லையும் தமிழ் எழுத்திலேயே எழுதலாம்.

நீங்களும் பலகையால் பேசுங்கள்

பேசக் கற்கும் குழந்தை முதல் சொல்லைச் சொல்லும் முன் ஏறத்தாழ ஓராண்டு நம் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் பலகையைக் கொடுத்த மறுநாளே, "சொல்லு, எது வேணும்னு காட்டு, பார்க்கலாம்" என்று கேட்கிறோம். பலகை மொழியில் யாரும் தன்னோடு பேசிப் பார்த்திராத குழந்தை எப்படிப் பேசும்? ஆகவே முதல் சில மாதங்கள் குழந்தையிடம் எதையும் எதிர்பார்க்காமல், நீங்கள் வாயால் பேசும்போதே பலகையிலும் ஒன்றிரண்டு சொற்களைத் தொட்டுக் காட்டுங்கள். "அப்பா *போ*யிட்டாங்க", "*இன்னும்* சோறு போடட்டுமா", "எனக்கு இந்தப் பாட்டு *பிடிக்கும்*" என்று, அழுத்தம் விழும் சொல்லைத் தொட்டாலே போதும். முழு வாக்கியத்தையும் தொட முயன்றால் இரண்டே நாளில் கைவிட்டுவிடுவீர்கள். சாப்பாட்டு வேளை, குளியல், விளக்கு வைத்த பிறகு கதை என்று நாளில் மூன்று வேளைகளை வைத்துக்கொண்டு அவற்றில் தவறாமல் செய்யுங்கள். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இதுவே நடைமுறைக்கு ஒத்து வரும்.

எழுத்துப் பலகை

படங்கள் எத்தனை இருந்தாலும், நினைத்ததை நினைத்தபடி சொல்ல எழுத்தறிவு வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு மற்றக் குழந்தைகளின் வயதிலேயே எழுத்தைக் காட்டத் தொடங்க வேண்டும். கையால் எழுத முடியாது என்பது படிக்கக் கற்பிக்காததற்குக் காரணம் ஆகாது.

தமிழின் 247 எழுத்துகளுக்கும் கட்டம் போட வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18 இருந்தால் மற்றவற்றை இரண்டு தெரிவுகளில் கட்டிவிடலாம். ஆறு ஆறாக வரிசைகள் அமைப்பது மிக வசதியாக இருக்கிறது: அ முதல் ஊ வரை முதல் வரிசை, எ முதல் ஔ வரை இரண்டாவது, வல்லினமாகிய க ச ட த ப ற மூன்றாவது, மெல்லினமாகிய ங ஞ ண ந ம ன நான்காவது, இடையினமாகிய ய ர ல வ ழ ள ஐந்தாவது. ஆறாவது வரிசையில் ஃ, புள்ளி, ஜ, ஸ, 'சொல் முடிந்தது', 'தவறு' ஆகிய ஆறையும் வையுங்கள். 'மீ' வேண்டுமானால் 'ம', பிறகு 'ஈ'. 'ம்' வேண்டுமானால் 'ம', பிறகு புள்ளி. எதுவும் சேர்க்காவிட்டால் 'ம' என்றே கொள்க.

கையாலோ கண்ணாலோ சுட்ட இயலாதவருக்கு, கேட்பவரே வரிசைகளைச் சொல்லிக்கொண்டு போகலாம். "முதல் வரிசையா? இரண்டாவதா? மூன்றாவதா?" என்று ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுக் கேளுங்கள், சரியான வரிசை வரும்போது அவர் 'ஆமாம்' சைகை காட்டுவார். பிறகு அந்த வரிசைக்குள், "க? ச? ட? த?" எனச் செல்லுங்கள். கிடைத்த எழுத்தை உடனே தாளில் எழுதுங்கள், மனத்தில் வைத்துக்கொண்டால் மறந்துபோகும். 'த', 'ண்' வந்ததும் "தண்ணீரா?" என்று ஊகித்துக் கேட்கலாம், ஆனால் ஊகிக்கலாமா என்று முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும். தன் வாக்கியத்தைத் தானே முடிக்க விரும்புபவர்களும் இருக்கிறார்கள். பார்வை குறைந்தவர்களுக்குப் படப் பலகையையும் இதே முறையில் வாயால் சொல்லியே நடத்தலாம்.

ஓர் எச்சரிக்கை. குழந்தையின் கையை அல்லது முழங்கையை நீங்கள் பிடித்துக்கொண்டு எழுத்துகளின் மேல் நகர்த்தும் முறை வேண்டவே வேண்டாம். அப்படி வரும் வாக்கியங்கள் பிடித்திருப்பவரின் எண்ணமே என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. பிடிப்பவர் அதை அறியாமலேயே செய்கிறார். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-இல் அறிவித்தது. கையை நிலைப்படுத்த வேண்டுமானால் முழங்கைக்குக் கீழே தாங்கு வையுங்கள்; திசையைத் தீர்மானிப்பது அவராகவே இருக்க வேண்டும்.

கைப்பேசியும் செயலியும்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழில் தட்டியதைப் படித்துக் காட்டும் குரல் வசதி இருக்கிறது. எழுத்தறிந்தவருக்கு அதுவே குரலாகிவிடும். படங்களைத் தொட்டால் பேசும் செயலிகளில் 'ஆவாஸ்' சென்னையில் உருவானது, தமிழிலும் கிடைக்கிறது. விரல் நடுங்கி அடுத்த கட்டத்தைத் தொட்டுவிடுபவர்களுக்குத் திரையின் மேல் துளையிட்ட தகடு பொருத்தலாம். ஒரே ஓர் அசைவு மட்டும் நிலையாக வருபவர்களுக்குப் பெரிய பொத்தான் இணைக்கலாம். ஆனால் கருவி வாங்குவது முதற்படி அன்று. பலகையில் தெரிவு செய்யப் பழகாதவர் கருவியிலும் தடுமாறுவார். கருவி வந்த பிறகும் தாள்பலகையைத் தூக்கி எறியாதீர்கள். மின்தடையிலும் மழையிலும் குளியலறையிலும் பேசுவது அதுதான்.

கேட்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

வீட்டுக்கு வருபவர்கள், "பையன் சாப்பிட்டானா?" என்று தாயைக் கேட்பார்கள். "அவனையே கேளுங்க அத்தை, கேட்டுட்டு ஒரு நிமிஷம் பொறுங்க, அவனே சொல்லுவான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். குரலை உயர்த்திப் பேச வேண்டியதில்லை. இருபது வயதுக்காரரிடம் மழலை பேசவும் வேண்டியதில்லை. அவர் அமர்ந்திருக்கும் உயரத்துக்கு நீங்களும் அமருங்கள்.

புரியாதபோது புரிந்ததுபோலத் தலையாட்டுவது மிகப் பெரிய அவமதிப்பு. "எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை முயலலாமா?" என்று கேளுங்கள். அப்போதும் விளங்காவிட்டால் வட்டத்தைச் சுருக்குங்கள்: ஒருவரைப் பற்றியா, பொருளைப் பற்றியா? வீட்டிலா, வெளியிலா? இன்று நடந்ததா, நடக்கப்போவதா? அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாமல் போனால், நோட்டில் குறித்துவைத்து நாளை மீண்டும் கேட்பதாகச் சொல்லுங்கள், சொன்னபடி கேளுங்கள்.

வலி, உடல், பாதுகாப்பு

இந்தப் பகுதியைப் பலரும் தள்ளிப்போடுகிறார்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். தசை இறுக்கம், மலச்சிக்கல், இடுப்பு மூட்டு, பல் ஆகியவற்றால் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வலி அடிக்கடி வரும். சொல்ல இயலாதபோது அது 'பிடிவாதம்' என்று பெயர் பெறுகிறது. உடல் முழுவதன் வரைபடம் ஒன்றும், 'கொஞ்சம்', 'அதிகம்', 'தாங்க முடியவில்லை' என்று மூன்று நிலைகளைக் காட்டும் முகங்களும் தனித் தாளில் இருக்கட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது அது பையில் இருக்க வேண்டும். வரைபடத்தில் மறைவுறுப்புகளும் இருக்க வேண்டும், அவற்றின் பெயர்களும் இருக்க வேண்டும். மாதவிடாய், கழிவறை, 'தொடாதே', 'இவர் என்னிடம் தவறாக நடந்தார்', 'அம்மாவைக் கூப்பிடு' ஆகியவற்றுக்குப் பலகையில் இடமில்லாத பெண்ணோ பையனோ தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லவே முடியாது; அதைத் தெரிந்துகொண்டுதான் சிலர் அவர்களை நெருங்குகிறார்கள்.

மாவட்டத்தில் எங்கே போவது?

குழந்தை பிறந்ததிலிருந்து 18 வயதுவரை, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தை அணுகலாம். அரசு மருத்துவமனையில் கேட்டாலோ, ஊருக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவிடம் சொன்னாலோ அனுப்பிவைப்பார்கள். காது, கண், இயன்முறை சிகிச்சை, பேச்சு ஆகியவற்றை ஒரே இடத்தில் பார்ப்பதுதான் அதன் நோக்கம். பேச்சுப் பயிற்சியாளரிடம் "பேச்சு வர வையுங்கள்" என்று மட்டும் கேட்காமல், "மாற்றுத் தொடர்பு முறை ஏதாவது அமைத்துத் தாருங்கள், உணவை விழுங்குவதையும் பாருங்கள்" என்று கேளுங்கள். உங்கள் நோட்டையும், வீட்டில் எடுத்த காணொளிகளையும் காட்டினால், புதிய இடத்தில் மிரண்டிருக்கும் குழந்தையைப் பார்த்துத் தவறான முடிவுக்கு வரும் வாய்ப்பு குறையும்.

விரிவான மதிப்பீட்டுக்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகள் உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னையின் வித்யாசாகர் அமைப்பு 1985-இலிருந்து மூளை முடக்குவாதம் உள்ளவர்களோடு பணியாற்றி வருகிறது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதியினருக்குப் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் எனும் மனநல, நரம்பியல் நிறுவனம் பக்கமாக இருக்கும். மைசூருவில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

ஆட்சியர் அலுவலகம் சார்ந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபின் உதவித்தொகை, பயணச் சலுகை, உதவி உபகரணம் ஆகியவற்றைக் கேளுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலானது, மூளை முடக்குவாதத்துக்கும் உரியது, சிகிச்சைப் பயிற்சிகளின் செலவுக்கும் அதில் இடமுண்டு. பள்ளி விஷயங்களுக்கு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அணுக வேண்டும். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு வீட்டுவழிக் கல்வியும் உண்டு. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் பெறலாம். எழுதுபவருக்கு அந்த மாணவரின் சைகையோ பலகையோ பழகியிருக்க வேண்டும் என்பதால் விண்ணப்பத்தைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். எந்த அலுவலகத்திலாவது "பேசாத பிள்ளையிடம் என்ன கேட்பது?" என்றால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தொடர்பு' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே மாற்றுத் தொடர்பு முறைகளும் அடங்குகின்றன என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

வளர்ந்தவர்களுக்கு

இதுவரை குழந்தை என்று எழுதினாலும், முப்பது வயதில் முதன்முறையாகப் பலகையைப் பெறுபவரும் இதே வரிசையில்தான் தொடங்குவார். படங்கள் மட்டும் வயதுக்கேற்ப மாற வேண்டும்: பணம், கடை, ஓட்டு, திருமணம், நண்பர், செய்தி, 'என்னைத் தனியாக விடுங்கள்'. 18 வயதுக்குப் பின் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கும் குடும்பங்கள், விசாரணைக்குப் பலகையையும் எடுத்துச் செல்லுங்கள். யார் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, அறியாதவர்களும் அவரோடு பேசும்படி உள்ளங்கை அளவில் ஓர் அட்டை எழுதி லேமினேஷன் செய்து, சக்கர நாற்காலியிலோ பையிலோ தொங்கவிடுங்கள். அதில் அவரது குரலிலேயே இப்படி எழுதலாம்: "நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, புரிகிறது. 'ஆமாம்' என்றால் மேலே பார்ப்பேன். 'இல்லை' என்றால் கண்ணை இறுக மூடுவேன். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். பதிலுக்குப் பத்து எண்ணும்வரை பொறுங்கள். என் பலகை இந்தப் பையில் இருக்கிறது." என்னென்ன எழுத வேண்டும் என்பதை முதலில் அவரிடமே படித்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் அவருடைய சம்மதத்தைப் பெற்ற பிறகு அச்சிடுங்கள்.